பெரிய ரேட்டிங்காரரிடம் அரைப் புள்ளி எடுப்பது எப்படி

ஓபன் செஸ் போட்டிகளில் முதல் ரவுண்டு பெரும்பாலும் ஏறுமாறான ஜோடிகளாகத்தான் இருக்கும். ஸ்விஸ் முறையின் கணக்கு அப்படி. வந்தவர்களை ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) வரிசையில் அடுக்கி, நடுவில் பிரித்து, மேல்பாதியின் முதல் ஆளுக்குக் கீழ்ப்பாதியின் முதல் ஆளை ஜோடி போடுவார்கள். 120 பேர் என்றால் 1-க்கு 61, 2-க்கு 62 என்று போகும். தஞ்சாவூர் பள்ளி ஹாலோ, கும்பகோணம் கல்யாண மண்டபமோ, எங்கே நடந்தாலும் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் பரிசைக் குறிவைத்து வந்தவர்கள் மேல்பாதியில் இருப்பார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட வரும் பெரியவர்களும் கீழ்ப்பாதியில் இருப்பார்கள். 1500 ரேட்டிங் உள்ளவர் எதிரே 1900 வந்து உட்காருவது இப்படித்தான்.

அந்த ஆட்டத்தை டிரா செய்து அரைப் புள்ளி எடுப்பது தனியாகப் பழக வேண்டிய வேலை. பலர் அதை ஓபனிங்கிலேயே முடித்துவிடப் பார்க்கிறார்கள்: கிடைத்த காயையெல்லாம் வெட்டு, சிப்பாயை நகர்த்தாதே, பத்தாவது மூவில் ‘டிரா?’ என்று கேள். இது பலிப்பதில்லை. உங்களைவிட 400 புள்ளி மேலே இருப்பவரிடம் டிரா கிடைப்பது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில். அதற்கு மூன்று சரக்கு வேண்டும்: அதுவரை மிச்சம் வைத்த நேரம், மனப்பாடமாகத் தெரிந்த ஏழெட்டு எண்ட்கேம் (சில காய்களே மிஞ்சிய கடைசி நிலை), டிராவைச் சட்டப்படி வாங்கும் முறை.

அரைப் புள்ளியின் மதிப்பு

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் ரேட்டிங் வித்தியாசம் 200 என்றால் மேலே இருப்பவரிடம் எதிர்பார்க்கப்படும் புள்ளி 0.76, கீழே இருப்பவரிடம் 0.24. வித்தியாசம் 300 என்றால் 0.85, 0.15. 400 என்றால் 0.92, 0.08. உங்கள் மட்டத்தில் 400-க்கு மேல் எவ்வளவு போனாலும் 400 என்றே எடுத்துக்கொள்வார்கள். எடுத்த புள்ளியிலிருந்து எதிர்பார்ப்பைக் கழித்து ‘கே’ எண்ணால் பெருக்கினால் ரேட்டிங் மாற்றம் வரும். கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டத்தில் 2400-ஐத் தொடாத வழக்கமான ஆட்டக்காரருக்குக் கே 20. புதிதாகப் பட்டியலுக்கு வந்தவருக்கு 30 ஆட்டம் முடியும்வரை 40. 18 வயது நிறையும் ஆண்டின் முடிவுவரை, 2300-க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கும் 40.

1500 உள்ளவர் 1900-இடம் டிரா செய்தால் கே 20-க்கு 0.42 பெருக்கல் 20, அதாவது 8.4 ஏறும். தோற்றிருந்தால் இறங்குவது 1.6 மட்டுமே. ஒரு டிரா ஐந்து தோல்வியைச் சமன் செய்கிறது. கே 40 உள்ள பிள்ளைக்கு 16.8 ஏறும்.

ரேட்டிங்கே இல்லாதவருக்கு அரைப் புள்ளி இன்னும் பெரிது. முதல் போட்டியில் ரேட்டிங் உள்ளவர்களிடம் ஒரு புள்ளியும் எடுக்காமல் போனால் அந்தப் போட்டி கணக்கிலேயே சேராது. ஒரு டிரா இருந்தால் அந்த ஆட்டங்கள் சேரும். ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டம் ஆனதும் பட்டியலில் பெயர் வரும். 2024 மார்ச் முதல் பட்டியலின் கீழ்வரம்பு 1400.

ஓபனிங்கில் பதுங்க வேண்டாம்

கட்டங்களை எழுத்தும் எண்ணுமாகச் சொல்கிறேன்: ஏ முதல் எச் வரை நெடுக்கு வரிசை, 1 முதல் 8 வரை குறுக்கு வரி. வெள்ளைக் காய் கிடைத்தவர்கள் பிரெஞ்ச் டிஃபென்ஸுக்கு (ஈ4-க்குக் கருப்பு ஈ6 என்று பதில் தரும் ஓபனிங்) எதிராக ஈ5 எல்லாம் யோசிக்காமல் டி5-இல் சிப்பாயை வெட்டிச் சமச்சீராக்கிவிட்டு ‘இனி டிராதான்’ என்று உட்காருவது நம் ஊர்ப் போட்டிகளில் அடிக்கடி காணக்கூடியது. பொசிஷன் சமம்தான். ஆனால் அந்தச் சமத்தில் எங்கே காயை வைப்பது என்று 1900-க்குத் தெரியும், 1500-க்குத் தெரியாது. எதிராளி ராஜாவை வேறு பக்கம் கோட்டை கட்டி, குதிரைகளைப் பலகையிலேயே வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஒவ்வொரு மூவிலும் ஒரு சின்னக் கேள்வி வைப்பார். இருபது கேள்வியில் மூன்றுக்குத் தவறாகப் பதில் சொன்னால் போதும்.

நல்ல தேர்வு, சிப்பாய் அமைப்பு எளிதாகப் புரியும், ஆனால் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கும் ஓபனிங். கருப்பில் ஈ4-க்குக் காரோ-கான், டி4-க்கு குயின்ஸ் காம்பிட் டிக்ளைன்ட் அல்லது ஸ்லாவ் என்று ஒன்றைப் பிடித்து, அதில் வரும் நடு ஆட்டத்தையும் படியுங்கள். மூவ் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவர் பன்னிரண்டாவது மூவில் நிற்பார்.

குயின்ஸ் காம்பிட்டில் டி5-இல் சிப்பாய் வெட்டுப்படும் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். வெள்ளை பி4, பி5 என்று சிப்பாயை முட்டுவார். சி6-இல் வெட்டினால் கருப்பு பி7 சிப்பாயால் திருப்பி வெட்ட, சி6 சிப்பாய் பக்கத்துணை இல்லாமல் நிற்கும். கருப்பு ‘கெட்டியாக’ ஆடுகிறேன் என்று காத்திருந்தால், அந்த ஒரு சிப்பாய்க்குக் காவலாக யானை, பிஷப், குதிரை எல்லாம் பின்னால் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெள்ளை ராஜா பக்கம் இரண்டாவது முனையைத் திறந்தால் அங்கே போக ஆளில்லை. இதற்கு மருந்து, வெள்ளை பி5 போடுவதற்கு முன்பே ஒரு குதிரையை டி6-க்குக் கொண்டுபோவது. அங்கிருந்து பி5-ஐப் பார்க்கும், சி4-க்கும் ஈ4-க்கும் பாதை இருக்கும். யானைகள் ஈ வரிசையில். பலவீனத்தை முழுக்கத் தடுக்க முடியாது. பதிலுக்கு எதிராளி ராஜா பக்கம் ஒரு தொல்லை இருந்தால் கணக்கு நேராகிவிடும்.

காய் வெட்டும் முன் மூன்று கேள்வி

‘காய் குறைந்தால் ஆபத்து குறையும்’ என்பது பாதி உண்மை. ராணி போனால் மேட் ஆபத்து குறையும். எண்ட்கேமில் பலவீனமானவருக்கு மற்ற எல்லா ஆபத்தும் கூடும். ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் பாருங்கள்: திருப்பி வெட்டும் எதிராளியின் காய் நல்ல கட்டத்துக்கு வந்து சேருகிறதா? போகிற இரண்டில் எது வேலை செய்து கொண்டிருந்தது, எது சும்மா நின்றது? மிச்சமிருக்கும் சிப்பாய் அமைப்பு யாருக்கு வசதி?

நீங்கள் வலியப் போய் வெட்டினால் எதிராளிக்கு ஒரு மூவ் இலவசம். முடிந்தால் அவரை வெட்டவிடுங்கள்.

கடைசி ஜோடி யானையை மாற்றும் இடம்தான் அதிகம் பேர் சாகும் இடம். யானை எண்ட்கேமில் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் பிழைக்க வழி உண்டு. வெறும் ராஜா-சிப்பாய் எண்ட்கேமில் சிப்பாய் எண்ணிக்கை சமமாக இருந்தாலே தோற்கலாம்: எதிராளிக்கு ஓரத்தில் ஒரு தடையில்லாச் சிப்பாய் உருவானால் உங்கள் ராஜா அதைத் துரத்தப் போகும், அவர் ராஜா மறுபக்கம் உங்கள் சிப்பாய்களைத் தின்னும். ஆகவே யானையை மாற்றும் முன் கடைசிவரை எண்ணுங்கள். எண்ண முடியாவிட்டால் மாற்றாதீர்கள். ‘டிரா மாதிரி தெரிகிறது’ என்பது எண்ணிக்கை அல்ல.

கடிகாரம்

90 நிமிடமும் மூவுக்கு 30 விநாடியும் உள்ள ஆட்டத்தில் 15-வது மூவில் 65 நிமிடம், 30-வது மூவில் 25 நிமிடமாவது கையில் இருக்க வேண்டும் என்று இலக்கு வையுங்கள். ஓபனிங்கில் தெரிந்த மூவுக்கு ஏழு நிமிடம் உட்கார்ந்து யோசிப்பதுதான் பெரிய வீணடிப்பு. எதிரே இருப்பவர் பெரிய ஆள் என்ற பதற்றத்தில் வருவது அது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ரவுண்டைக் கவனியுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் தஞ்சாவூர் வெயிலில், ஃபேன் மட்டும் சுற்றும் மண்டபத்தில், சாம்பார், ரசம், மோர் என்று இலைச் சாப்பாடு முடித்துவிட்டு நான்கு மணி நேர ஆட்டத்துக்கு உட்கார்ந்தால் 25-வது மூவில் கண் சொக்கும். தயிர்சாதம், ஒரு வாழைப்பழம், தண்ணீர் பாட்டில் போதும். பேனா இரண்டு வேண்டும். ஃபேன் காற்றில் ஸ்கோர் ஷீட் பறந்தால் கடிகாரத்தின் அடியில் சொருகாதீர்கள். ஒரு அட்டையில் கிளிப் போட்டு வையுங்கள். பின்னால் டிரா க்ளெய்ம் செய்ய அந்தத் தாள்தான் ஆதாரம்.

குறைந்த நேர ஆட்டமான ரேபிட்டில் டிரா பிடிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் பாதுகாக்கிறவருக்குத்தான் அதிக யோசனை தேவை. 2023 உலகக் கோப்பை இறுதியில், பாகுவில், பிரக்ஞானந்தா தன்னைவிட மேலே இருந்த கார்ல்சனை இரண்டு கிளாசிக்கல் ஆட்டத்திலும் டிராவில் நிறுத்தினார், 35 மூவில் ஒன்று, 30 மூவில் ஒன்று. ரேபிட் டை-பிரேக்கில் கார்ல்சன் ஜெயித்தார். அந்த உயரத்திலேயே நிலைமை அப்படி.

மனப்பாடமாக வேண்டிய எண்ட்கேம்கள்

நீடாமங்கலம் பக்கம் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் இருக்கிறார். இளவரசியைச் சதுரங்கத்தில் வென்று மணம் முடித்ததாகத் தல புராணம். போட்டிக்கு முன் கும்பிட்டுவிட்டு வருவதில் தவறில்லை. ஆனால் சாமி அங்கே ஜெயித்தாரே தவிர டிரா ஆடவில்லை. டிராவுக்குக் கீழே உள்ளதைப் படித்துவிட்டு வர வேண்டும்.

முதலில் ராஜாவும் ஒரு சிப்பாயும். வெள்ளை ராஜா டி5, சிப்பாய் ஈ6, கருப்பு ராஜா ஈ7, கருப்பின் முறை. பின்வாங்க மூன்று கட்டம்: டி8, ஈ8, எஃப்8. ஈ8 மட்டும் டிரா. வெள்ளை ராஜா டி6 வந்தால் நீங்கள் டி8, நேருக்கு நேர். அவர் ஈ7 செக், நீங்கள் ஈ8, அவர் சிப்பாயைக் காக்க ஈ6 வந்தால் ஸ்டேல்மேட்: செக் இல்லை, உங்களுக்குப் போட மூவும் இல்லை, டிரா. வேறெங்கு போனாலும் சிப்பாயை வெட்டலாம். மாறாக முதலில் டி8 போயிருந்தால்: ராஜா டி6, நீங்கள் ஈ8, சிப்பாய் ஈ7, நீங்கள் எஃப்7, ராஜா டி7, அடுத்து ராணி. விதி ஒரு வரிதான்: சிப்பாயின் வரிசையிலேயே நேராகப் பின்னால் போ; எதிர் ராஜா முன்னேறும்போது அதன் எதிரே நில். ஓரச் சிப்பாய் என்றால் இவ்வளவும் வேண்டாம், உங்கள் ராஜா மூலைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

இரண்டாவது, யானையும் சிப்பாயும் எதிர் யானை. பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர் 18-ஆம் நூற்றாண்டில் காட்டிய தடுப்பு இன்றும் அப்படியே செல்லும். வெள்ளை ராஜா டி5, சிப்பாய் ஈ5, யானை எச்7. கருப்பு ராஜா ஈ8, யானை ஏ6. கருப்பு யானை ஆறாவது வரியைப் பிடித்திருப்பதால் வெள்ளை ராஜா முன்னேற முடியாது. நீங்கள் ஏ6, பி6 என்று அந்த வரியிலேயே போய்வந்து கொண்டிருங்கள். வேறு வழியில்லாமல் வெள்ளை சிப்பாயை ஈ6 தள்ளுவார். அந்தக் கணம்தான் முக்கியம்: உடனே யானையை ஏ1-க்கு இறக்குங்கள். சிப்பாய் ஆறாவது வரிக்கு வந்துவிட்டதால் வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடம் கிடையாது. ராஜா டி6 வந்து எச்8-இல் மேட் மிரட்டினால் டி1-இல் செக். ஈ5 போனால் ஈ1-இல் செக். எஃப்6 போனால் எஃப்1-இல் செக்.

இங்கே நடக்கும் தவறு இரண்டு. சிப்பாய் ஈ6 வந்த பிறகும் யானையை ஆறாவது வரியிலேயே விட்டு வைப்பது ஒன்று. பயத்தில் யானையை எட்டாவது வரியில், ராஜாவின் பக்கத்திலேயே காவலுக்கு நிறுத்துவது இன்னொன்று. அந்தக் காவல் ஏ, பி, ஜி, எச் சிப்பாய்களுக்கு எதிராகத் தாங்கும்; நடுச் சிப்பாய்களுக்கும் சி, எஃப் சிப்பாய்களுக்கும் எதிராகத் தோற்கும்.

ஃபிலிடோர் அமைக்க நேரமில்லை, எதிர் ராஜா ஏற்கெனவே ஆறாவது வரியில் வந்துவிட்டது என்றால், உங்கள் ராஜாவைச் சிப்பாயின் குறுகிய பக்கம் ஒதுக்கி, யானையை அகலமான பக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் செக் கொடுக்க வேண்டும். யானைக்கும் சிப்பாய்க்கும் நடுவே மூன்று வரிசையாவது காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எதிர் ராஜா நெருங்கி வந்து செக்கை நிறுத்திவிடும்.

ஒரே பக்கத்தில் சிப்பாய்கள் இருக்கும் யானை எண்ட்கேமில் மூன்றுக்கு இரண்டு பெரும்பாலும் டிரா. நான்குக்கு மூன்றும் தாங்கும், ஆனால் கருப்பில் எஃப்7, ஜி6, எச்5 என்று சிப்பாய்களை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். எச்5 போடாமல் விட்டால் வெள்ளை ஜி4, எச்4 என்று வந்து நெரித்துவிடுவார். தற்காப்பில் சிப்பாயை நகர்த்தக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் கோச்களும் இந்த ஒன்றை விலக்காகச் சொல்வார்கள்.

தவறான நிற பிஷப் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஓரச் சிப்பாயும் பிஷப்பும் இருந்து, சிப்பாய் ராணியாகும் மூலையின் நிறத்தைப் பிஷப் தொட முடியாவிட்டால், உங்கள் ராஜா அந்த மூலையில் இருக்கும்வரை ஜெயிக்க முடியாது. வெள்ளைக்கு எச் சிப்பாய் என்றால் எச்8 கருப்புக் கட்டம், ஆகவே வெள்ளைக் கட்டப் பிஷப் பயனில்லை. ஏ சிப்பாய் என்றால் ஏ8 வெள்ளைக் கட்டம், கருப்புக் கட்டப் பிஷப் பயனில்லை. இது தெரிந்தால் நடு ஆட்டத்திலேயே எதிராளியின் மற்றச் சிப்பாய்களுக்காக ஒரு காயைத் தாரை வார்க்கலாம். கடைசிச் சிப்பாயை வெட்டக் குதிரையைக் கொடுப்பதும் அதே கணக்கு: அவரிடம் வெறும் பிஷப்போ வெறும் குதிரையோ மிஞ்சினால் ஆட்டம் அங்கேயே டிரா.

எதிரெதிர் நிறப் பிஷப் என்றால் ஒரு சிப்பாய், சில சமயம் இரண்டு சிப்பாய் குறைவாகவே தாங்கலாம். உங்கள் சிப்பாய்களை உங்கள் பிஷப்பின் நிறத்தில் வையுங்கள், எதிர் பிஷப் அவற்றைத் தொட முடியாது. அவருடைய சிப்பாய் கடக்க வேண்டிய கட்டம் உங்கள் பிஷப்பின் நிறமாக இருக்கும்படி மறியுங்கள். ராணியோ யானையோ பலகையில் இருக்கும்போது இந்த நம்பிக்கை ஆகாது. அப்போது எதிரெதிர் நிறப் பிஷப் தாக்குகிறவருக்குத்தான் கூடுதல் ஆள்.

ஓயாமல் செக் கொடுத்து ஒரே பொசிஷனைத் திரும்பத் திரும்ப வரவழைத்தாலும் டிரா; அந்தத் தொடர் செக்கில் ஒரு மாதிரியை மட்டும் கண்ணில் பதியவைத்தால் நிறைய இடத்தில் உதவும். கருப்பு ராஜா ஜி8, சிப்பாய் ஜி7, எஃப், எச் சிப்பாய்கள் இல்லை. வெள்ளை ராணி ஈ8-இல் செக், ராஜா எச்7, எச்5-இல் செக், ராஜா ஜி8, மறுபடி ஈ8. எஃப்8-இலோ எச்6-இலோ குறுக்கே நிறுத்த எதிராளியிடம் காய் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

டிரா கேட்பது

முறை இது: காயை நகர்த்துங்கள், டிரா என்று சொல்லுங்கள், அப்புறம் கடிகாரத்தை அழுத்துங்கள். ஸ்கோர் ஷீட்டில் அந்த மூவுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சமக்குறி போட வேண்டும், இரண்டு பேரும். பத்து வயதுப் பிள்ளை எதிரே இருக்கும் பெரியவரிடம் ‘அங்கிள், டிரா?’ என்று கேட்பது சகஜம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் அது செல்லும், ஆனால் தொந்தரவு என்று அவர் ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) சொல்லலாம். மூன்று மூவுக்கு ஒருமுறை கேட்டால் நிச்சயம் எச்சரிக்கை வரும்.

கேட்டதைத் திரும்ப வாங்க முடியாது. எதிராளி வாயால் மறுக்கும்வரை, அல்லது நகர்த்தும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொடும்வரை அது நிற்கும். நிபந்தனை போட்டும் கேட்கக்கூடாது. சில போட்டிகளில் இத்தனை மூவுக்கு முன் டிரா பேசக்கூடாது என்று விதி இருக்கும். போட்டி அறிவிப்பிலேயே பார்த்துவிடுங்கள். முன்கூட்டியே பேசிவைத்த டிரா, ஒரே அகாடமிப் பிள்ளைகளுக்குள் என்றாலும், தண்டனைக்குரியது.

எப்போது கேட்பது? கொஞ்சம் நல்ல பொசிஷன் உங்களிடம் இருக்கும்போது, அவருக்கு நேரமும் குறைந்திருக்கும்போது. மோசமான பொசிஷனில் கேட்டால், நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று அவருக்குச் சேதி சொன்னதுதான் மிச்சம். அவரே உங்களிடம் கேட்டால், அவசரப்பட்டுக் கை கொடுக்காதீர்கள். 400 புள்ளி மேலே உள்ளவர் கேட்கிறார் என்றால் பலகையில் ஏதோ இருக்கிறது. உங்கள் நேரம் ஓடட்டும், ஐந்து நிமிடம் தேடுங்கள். தெளிவான வெற்றி தெரியாவிட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இன்னும் ஆடிப் பார்ப்போமே’ என்ற வீரத்தைப் பயிற்சி ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

க்ளெய்ம் செய்வது

ஒரே பொசிஷன் மூன்று முறை வந்தால் டிராவை உரிமையாகக் கேட்டு வாங்கலாம், அதுதான் க்ளெய்ம். அதிகம் சண்டை வருவது இதில்தான். மூன்று முறையும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே ஆளின் முறையாக இருக்க வேண்டும், எல்லாக் காய்க்கும் அதே மூவ்கள் இருக்க வேண்டும். முதல் தடவை கோட்டை கட்டும் உரிமை இருந்து பிறகு போயிருந்தால் அந்தத் தடவை சேராது.

மூன்றாவது தடவை உங்கள் மூவால் வரப்போகிறது என்றால்: காயைத் தொடாதீர்கள். அந்த மூவை ஸ்கோர் ஷீட்டில் எழுதுங்கள். கடிகாரத்தை நிறுத்துங்கள். கையைத் தூக்கி ஆர்பிட்டரைக் கூப்பிட்டு, ‘இந்த மூவ் போடப் போகிறேன், மூன்றாவது தடவை வருகிறது, டிரா க்ளெய்ம்’ என்று சொல்லுங்கள். எழுதிய மூவை மாற்ற முடியாது. எதிராளியின் மூவால் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், உங்கள் முறையில், காயைத் தொடும் முன் க்ளெய்ம் செய்ய வேண்டும்.

பிள்ளைகள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: மூவைப் போட்டு, கடிகாரத்தையும் அழுத்திவிட்டு, ‘சார், மூணு தடவை வந்துடுச்சு’ என்பார்கள். இப்போது முறை எதிராளியுடையது, க்ளெய்ம் செய்யும் உரிமையும் அவருடையது. அவர் ஜெயிக்கப் பார்க்கிறவர். வேறு மூவ் போட்டுவிட்டுப் போவார். க்ளெய்ம் தவறாகப் போனால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், நீங்கள் எழுதிய மூவையே ஆட வேண்டும். ஐந்து முறை வந்துவிட்டால் யாரும் கேட்க வேண்டியதில்லை, ஆட்டம் டிரா.

50 மூவ் விதியும் அதே பாணி: இரண்டு பேரும் 50 மூவ் சிப்பாய் நகராமல், வெட்டு இல்லாமல் ஆடியிருக்க வேண்டும். யானையும் பிஷப்பும் சேர்ந்து உங்கள் ஒற்றை யானையை விரட்டும் எண்ட்கேமில் இதுதான் உயிர்நாடி. கடைசி வெட்டு நடந்த வரியில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து பத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். 75 ஆனால் தானாகவே டிரா, கடைசி மூவ் மேட்டாக இல்லாதவரை.

மூவுக்கு 30 விநாடி கூடும் ஆட்டத்தில் கடைசிவரை எழுத வேண்டும். ரேபிட்டில் எழுதக் கட்டாயமில்லை, ஆனாலும் க்ளெய்ம் உரிமை உண்டு. எப்போது வேண்டுமானாலும் ஆர்பிட்டரிடம் ஸ்கோர் ஷீட் கேட்டு எழுத ஆரம்பிக்கலாம். இரண்டாவது தடவை வரும்போதே ஆர்பிட்டரைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்வது புத்திசாலித்தனம்.

நேரம் முடிந்தால் என்ன ஆகும் என்பதிலும் தவறான நம்பிக்கை உண்டு. உங்கள் நேரம் முடிந்து, எதிராளியால் எந்தச் சட்டப்படியான மூவ் வரிசையாலும் மேட் செய்ய முடியாது என்றால்தான் டிரா. இரண்டு குதிரையால் மேட்டைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது சரி. ஆனால் நீங்கள் உதவினால் மேட் வரும், ஆகவே நேரம் போனால் தோல்விதான். ‘இது டிரா பொசிஷன் சார், அவரால் ஜெயிக்க முடியாது’ என்று மூவுக்கு மூவ் நேரம் கூடும் (இன்கிரிமென்ட்) ஆட்டத்தில் க்ளெய்ம் செய்ய வழியே இல்லை. ஆடித்தான் காட்ட வேண்டும்.

மேலே உட்கார்ந்திருப்பவருக்கு

1900 பக்கமிருந்து பார்த்தால், கே 20-க்கு டிராவில் போவது 8.4, தோல்வியில் போவது 18.4. டிராவைத் தவிர்க்கிறேன் என்று சமமான பொசிஷனில் குதிரையைத் தியாகம் செய்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. காய்களை மாற்றாமல், சிப்பாய் இழுபறியை அவிழ்க்காமல் 40 மூவ் ஆடினாலே எதிராளி நேரத்தில் தள்ளாடுவார். எண்ட்கேமில் யானையை விட்டுக்கொடுக்காதீர்கள், சிப்பாய்கள் இரண்டு பக்கமும் இருக்கட்டும். எதிராளி ஃபிலிடோர் வரியில் யானையை நிறுத்திவிட்டு நிதானமாகத் தண்ணீர் குடித்தால், அவருக்குத் தெரியும் என்று அர்த்தம். கை கொடுத்துவிட்டு அடுத்த ரவுண்டுக்குத் தெம்பை மிச்சப்படுத்துங்கள். முதல் ரவுண்டு அரைப் புள்ளி உங்களைக் கீழ் போர்டுகளுக்கு இறக்கும், சமப் புள்ளியில் முடிந்தால் பார்க்கும் புக்கோல்ஸ் டை-பிரேக்கும் (உங்கள் எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டல்) குறையும். ஆறு ரவுண்டுப் போட்டியில் அது வலிக்கும், ஒன்பது ரவுண்டில் ஈடுகட்டலாம்.

கை கொடுத்த பிறகு

கடிகாரத்தை நிறுத்துங்கள். இரண்டு ஸ்கோர் ஷீட்டிலும் அரை-அரை என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் தாளில் அவருடையது, அவர் தாளில் உங்களுடையது. காய்களை அடுக்குவதற்கு முன் ஆர்பிட்டரிடம் முடிவைச் சொல்லுங்கள். பொசிஷனை அலசுவதை ஹாலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துப் போர்டில் ஆட்டம் நடக்கிறது. போனை ஹாலைவிட்டு வெளியே வந்த பிறகே உயிர்ப்பிக்க வேண்டும்.

முடிவு செஸ்-ரிசல்ட்ஸ் இணையதளத்தில் ஏறியதும் உங்கள் போர்டைப் பாருங்கள். பெரிய ரேட்டிங்காரர் ஜெயித்திருப்பார் என்ற பழக்கத்தில் 1-0 என்று ஏறிவிடுவது உண்டு. அடுத்த ரவுண்டு ஜோடி போடும் முன் சொன்னால் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார்கள். ஜோடி போட்டு ஆட்டம் தொடங்கிய பிறகு சொன்னால் அந்த ரவுண்டின் ஜோடி மாறாது, நீங்கள் தவறான புள்ளிக் கூட்டத்தில்தான் ஆட வேண்டியிருக்கும்.